குயின் மேரி 2 கப்பலில் கேலா இரவு: ஆண்கள் என்ன உடுத்துவது, டக்ஸிடோ கட்டாயமா?

நாவாய்_புதியவன்

வணக்கம். வரும் செப்டம்பரில் சவுத்தாம்ப்டனில் ஏறி நியூயார்க்கில் இறங்குகிறோம். குனார்டு நிறுவனத்தின் குயின் மேரி 2, ஏழு இரவு. அப்பா, அம்மா, மனைவி, 15 வயது மகன், நான். இதில் இரண்டு இரவு ‘கேலா ஈவினிங்’, அதாவது முறையான உடையில் வர வேண்டிய விருந்து இரவு, என்று போட்டிருக்கிறார்கள். ஆண்கள் உடை என்று தேடினால் டக்ஸிடோ, டின்னர் ஜாக்கெட், டார்க் சூட் என்று மூன்று பெயர் வருகிறது. எது கட்டாயம், எது நம் விருப்பம் என்று பிடிபடவில்லை.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு நேவி ப்ளூ சூட். தைத்து 9 வருடம் ஆகிறது. தோள் சரியாக இருக்கிறது, இடுப்பில் பட்டன் போட்டால் இழுக்கிறது. பிரித்துத் தைத்தால் போதுமா, புதிதாக எடுக்க வேண்டுமா? அப்பாவுக்கு 71 வயது, வேட்டி தவிர வேறு எதுவும் கட்டமாட்டார். அவரைச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலிலேயே நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் வீட்டில் பெரிய கவலை. அறையில் இஸ்திரிப் பெட்டி வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்கிறார்களே, கசங்கிய கோட்டை என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேல்தளம்

வணக்கம் நண்பரே. டக்ஸிடோ கட்டாயம் இல்லை. முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டக்ஸிடோவும் டின்னர் ஜாக்கெட்டும் ஒரே உடைதான். பிரிட்டிஷ்காரர்கள் டின்னர் ஜாக்கெட் என்பதை அமெரிக்கர்கள் நியூயார்க் பக்கத்தில் இருக்கும் டக்ஸிடோ பார்க் என்ற ஊரின் பெயரால் அழைக்கிறார்கள். டார்க் சூட் என்பது வேறு. நாம் ரிசப்ஷனுக்குப் போடுகிற அதே சூட், ஆனால் கருப்பு, அடர் நீலம், கரிச்சாம்பல் போன்ற நிறத்தில்.

கேலா இரவுக்கு குனார்டு கேட்பது இவ்வளவுதான்: டின்னர் ஜாக்கெட் அல்லது அடர் நிற சூட், அதோடு போ டை (கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போலக் கட்டுவது) அல்லது சாதாரண நீள டை. முறையான தேசிய உடைக்கும் ராணுவச் சீருடைக்கும் இடம் உண்டு. பலர் கோட்டைச் சரியாகக் கொண்டுவந்துவிட்டு டையில் கோட்டை விடுகிறார்கள். கழுத்துப் பட்டனைத் திறந்துவிட்டு சூட் போடுவது மற்ற இரவுகளுக்குச் சரி, இந்த இரண்டு இரவுக்குச் சரிவராது.

மாலை 6 மணியிலிருந்து இந்த விதி. பிரிட்டானியா உணவகம், நடனம் நடக்கும் குயின்ஸ் ரூம், அரங்கு, பெரும்பாலான பார்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அன்று உடுத்திக்கொள்ள மனமில்லை என்றால் கிங்ஸ் கோர்ட் பஃபே, கோல்டன் லயன் பப், கரிந்தியா லவுஞ்ச் ஆகியவை திறந்திருக்கும். அங்கே சாதாரண உடை போதும், சாப்பாட்டுக்குக் குறையே இருக்காது. ஆனால் இந்தக் கப்பலில் போவதே இந்த இரண்டு இரவுக்காகத்தான் என்பேன். நடுக்கடலில் வேறு இறங்கும் துறைமுகம் கிடையாது. கப்பலே ஊர், அந்த இரவே ஊர்த் திருவிழா.

கருப்பு வெள்ளை, முகமூடி என்று சில கேலா இரவுகளுக்கு ஒரு தலைப்பு வைப்பார்கள். தலைப்பைப் பின்பற்றுவது அவரவர் விருப்பம். கருப்பு வெள்ளை இரவுக்கு ஆண்களுக்குச் சிரமமே இல்லை.

மீதி ஐந்து இரவுக்கு காலர் வைத்த சட்டையும் நல்ல பேன்ட்டும் போதும். அரை டிராயர், கிழிந்த ஜீன்ஸ் கூடாது. மகனுக்கு அடர் நிற பேன்ட், வெள்ளைச் சட்டை, டை, ஒரு பிளேசர். வளரும் வயதில் முழு சூட் தைத்துக் காசைக் கொட்டாதீர்கள்.

கத்தரியும்_நாடாவும்

சார், உங்கள் சூட்டைத் தூக்கிப் போட வேண்டாம். தோள் சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. கோட்டில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், தோளைத் தொட்டால் புதுக் கோட்டு தைக்கும் வேலை.

லைனிங்கைப் பிரித்தால் நடுமுதுகுத் தையலிலும் இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே துணி விட்டிருப்பார்கள். அளவெடுத்துத் தைத்த கோட்டு என்றால் சுற்றளவில் மொத்தம் 3 முதல் 4 செ.மீ. வரை பெருக்கலாம். ரெடிமேடில் இவ்வளவு கிடைக்காது. பேன்ட்டின் பின் தையலிலும் அதே அளவு இருக்கும். ஆனால் ஒன்று. 9 வருடம் வெளியே இருந்த துணி கொஞ்சம் வெளுத்திருக்கும், உள்ளே மடிந்திருந்த துணி புது நிறத்தோடு இருக்கும். பிரித்துத் தைத்தபின் முதுகில் ஒரு கோடு விழுந்த மாதிரி தெரியும். அதனால் முழுவதும் பிரிப்பதற்கு முன் நான்கு விரற்கடை மட்டும் பிரித்து, வெயிலில் வைத்து நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கோட்டை விட்டுவிடுவதுதான் நல்லது.

வேலை முடிந்ததும் நீங்களே சோதிக்கலாம். பட்டன் போட்டு நேராக நில்லுங்கள். பட்டனிலிருந்து நாலு பக்கமும் பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் ஓடினால் இன்னும் இறுக்கம். பட்டனுக்கும் வயிற்றுக்கும் நடுவே கைமுட்டி நுழைய வேண்டும். கையைத் தொங்கவிட்டால் கோட்டின் கை மணிக்கட்டு எலும்போடு நின்று, சட்டைக் கை ஒரு செ.மீ. அளவுக்கு வெளியே தெரிய வேண்டும். நம் ஊரில் கோட்டின் கையை நீளமாக வைத்துவிடுவது சர்வசாதாரணம். அதைச் சுருக்க அரை நாள் வேலைதான், ஆனால் பார்வையே மாறிவிடும். இரண்டு பட்டன் கோட்டில் கீழ்ப் பட்டனை எப்போதும் போடாதீர்கள்.

நிறத்தையும் பாருங்கள். நல்ல அடர் நேவி, இரவு விளக்கில் கருப்பு மாதிரியே தெரியும். டெர்ரி ரேயான் கலந்த துணியாக இருந்தால் மஞ்சள் விளக்கு பட்டதும் முழங்கையிலும் தொடையிலும் மினுமினுக்கும். வீட்டில் ராத்திரி ஹால் விளக்கைப் போட்டு, ஒரு போட்டோ எடுத்தால் தெரிந்துவிடும்.

புதிதாக டக்ஸிடோ தைப்பதே முடிவு என்றால் தையல்காரரிடம் முதலிலேயே சொல்ல வேண்டியவை இவை. 150 செ.மீ. அகலத் துணியில் 3.25 மீட்டர், மீட்டருக்கு 250 முதல் 280 கிராம் எடையுள்ள கம்பளி. லேப்பலுக்கு (கோட்டின் மார்பில் வெளிப்பக்கமாக மடிந்திருக்கும் பகுதி) மட்டும் சாட்டின் அல்லது குரோகிரெய்ன் என்ற வரிவரியான துணி. லேப்பல் மேல்நோக்கிக் கூராகவோ சால்வை போல வளைந்தோ இருக்கட்டும், சூட்டில் வருகிற வெட்டு லேப்பல் வேண்டாம். முன்னால் ஒரே பட்டன், பாக்கெட்டுக்கு மூடி கிடையாது. பேன்ட்டின் வெளிப்பக்கம் இரு கால்களிலும் ஒரு சாட்டின் பட்டை ஓடும். பெல்ட் லூப் வைக்கவே கூடாது. இதைச் சொல்லாவிட்டால் கை பழக்கத்தில் வைத்துவிடுவார்கள். இடுப்பின் பக்கவாட்டில் இறுக்கும் பட்டை அல்லது சஸ்பெண்டர் போதும். மாப்பிள்ளைக் கோட்டு மாதிரி காலர் ஓரத்தில் பைப்பிங், பளபள புட்டா எதுவும் வேண்டாம். குறைந்தது நான்கு வாரம் முன்பே கொடுத்து இரண்டு ட்ரையல் பாருங்கள்.

இடுப்பைச் சுற்றி கம்மர்பண்ட் என்ற அகலமான மடிப்புப் பட்டை கட்டினால் அதன் மடிப்புகள் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். அது அழகுக்கு மட்டும் இல்லை. கோட்டுப் பட்டனுக்குக் கீழே சட்டை முக்கோணமாக வெள்ளையாக எட்டிப்பார்க்கும், அதை மறைக்கத்தான். சட்டை வெள்ளை, கைமுனையை மடித்துப் பட்டனுக்குப் பதில் கஃப்லிங்க் மாட்டுவது, சாதாரணமாக மடியும் காலர். நுனி மட்டும் நிமிர்ந்து நிற்கும் காலர், பின்னால் நீள வால் வைத்த கோட்டோடு சேர்ந்தது, இதில் சேர்க்க வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், இரண்டு இரவுக்குப் புது டக்ஸிடோ தேவையில்லை. சூட்டைச் சரிசெய்துவிட்டு அந்தப் பணத்தில் ஒரு நல்ல வெள்ளைச் சட்டை, ஒரே நிறத்தில் அடர்த்தியான பட்டு டை, கருப்பு லேஸ் ஷூ வாங்குங்கள். கோட்டைவிட சட்டைக் காலர்தான் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலர் பட்டன் போட்டபின் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரு விரலுக்கே இடமில்லை என்றால் இரண்டாவது கோர்ஸ் வருவதற்குள் டையைத் தளர்த்திவிடுவீர்கள்.

பட்டுக்கரை

அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் தம்பி. முறையான தேசிய உடை என்ற வரி இருக்கிறதே, அதுதான் உங்களுக்குத் துணை. 2014-இல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டியோடு வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை என்று பெரிய பேச்சாகி, அதே ஆண்டில் சட்டமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அது தமிழ்நாட்டுக்குள் செல்லும் சட்டம். கப்பலில் கப்பல் நிறுவனத்தின் விதிதான். எனவே முன்கூட்டியே அப்பா உடுத்தப்போகும் உடையில் ஒரு படம் எடுத்து மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். வரும் பதிலைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் வாசலில் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் ‘முறையான’ என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். வீட்டில் கட்டுகிற பருத்தி வேட்டியும் அரைக்கைச் சட்டையும் அதில் சேராது. எட்டு முழ இரட்டை வேட்டி, பட்டு, கரை இரண்டு மூன்று விரலுக்கு மேல் வேண்டாம். சந்தன நிறத்திலோ வெள்ளையிலோ முழுக்கைப் பட்டுச் சட்டை, கை மடித்துவிடாமல் பட்டன் போட்டது. இடது தோளில் விசிறி மடிப்பாக அங்கவஸ்திரம், அதை உள்பக்கமாக ஒரு சேஃப்டி பின்னால் சட்டையோடு பிடித்துவிடுங்கள். காலுக்குக் கருப்புத் தோல் செருப்பு, பின்பட்டை வைத்தது. ரப்பர் செருப்பு கூடவே கூடாது.

கப்பல் என்பதால் மூன்று விஷயம். வேட்டி நுனி தரையிலிருந்து இரண்டு விரல் மேலே நிற்கட்டும். படியில் இறங்கும்போது கப்பல் லேசாக ஆடினால் நுனியை மிதித்துவிடுவார். இடுப்பில் பெல்ட் கட்டாயம், வெல்க்ரோ வைத்த வேட்டி என்றாலும் சரி. இரண்டாவது, உடுத்திக்கொண்டு திறந்த தளத்துக்குப் போக வேண்டாம். கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்துக்கு மேல் போகும்போது எதிர்க்காற்று சேர்ந்தால் வேட்டி நிற்காது, கதவும் கனமானது. அறையிலிருந்து உள்வழியாகவே எல்லா இடத்துக்கும் போகலாம். மூன்றாவது, பழக்கதோஷத்தில் வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டிவிடுவார்கள். அம்மாவிடம் சொல்லி வையுங்கள், அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

உள்ளே ஏசி கடுமையாக இருக்கும். பட்டுச் சட்டைக்குள் மெல்லிய முழுக்கை உள்பனியன் ஒன்று போட்டுவிடுங்கள். வேட்டியோடு மேற்கத்திய கோட்டை மட்டும் மாட்டிவிடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். குளிர் தாங்காது என்றால் அடர் நிறத்தில் கழுத்து மூடிய ஜோத்பூரி கோட்டு, அதற்கேற்ற பேன்ட் என்று முழுசாக மாறுவதுதான் அழகு. அதற்கு டை தேவையே இல்லை.

பெட்டி_கட்டுபவர்

இஸ்திரி பற்றி. தீ அபாயத்தால் அறையில் இஸ்திரிப் பெட்டி, ஆவிக் கருவி இரண்டுக்கும் தடை. பெட்டியில் இருந்தால் ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஆனால் குயின் மேரி 2-இல் பயணிகளே துவைத்துக்கொள்ளும் அறைகள் இருக்கின்றன, அங்கே இஸ்திரிப் பெட்டியும் மேசையும் கட்டணமில்லாமல் கிடைக்கும். கேலா அன்று மாலை 4 மணிக்குப் போனால் வரிசைதான். காலையிலேயே முடித்துவிடுங்கள். கோட்டு, பேன்ட் மீது நேரடியாகப் பெட்டியை வைக்காதீர்கள், கம்பளி பளபளப்பு அடித்துவிடும். ஈரக் கைக்குட்டையை விரித்து அதன்மேல் அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். சாட்டின் லேப்பலுக்குச் சூடே காட்ட வேண்டாம்.

மடிப்பதில் கவனமாக இருந்தால் இஸ்திரி தேவையே குறைந்துவிடும். கோட்டின் முதுகு உங்களைப் பார்க்கப் பிடித்து, ஒரு தோளை மட்டும் உள்வெளியாகத் திருப்புங்கள். மற்ற தோளை அதற்குள் நுழைத்துவிட்டால் லைனிங் வெளியே, துணி உள்ளே என்று கோட்டு பாதியாகிவிடும். அதை டிரை கிளீனிங் கடை கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, நடுவில் ஒரு பனியனைச் சுருட்டி வைத்து ஒரே மடிப்பாக மடியுங்கள். துணியும் துணியும் உரசாமல் வழுக்குவதால் சுருக்கம் நிற்காது. அறைக்குப் போனதும் முதல் வேலையாக ஹேங்கரில் மாட்டுங்கள். மிச்சச் சுருக்கத்துக்கு, குளியலறையில் வெந்நீரைத் திறந்து கதவைச் சாத்தி 10 நிமிடம் ஆவியில் தொங்கவிட்டால் கம்பளி தானே நிமிரும். லினன் நிமிராது. மலிவான கோட்டுகளில் உள்துணியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அதற்கு ஆவி அதிகம் பட்டால் மார்புப் பகுதியில் கொப்புளம் மாதிரி எழும்பும், அப்புறம் சரியாகாது.

இன்னொன்று முக்கியம். துறைமுகத்தில் சுமைப் பணியாளரிடம் கொடுக்கும் பெரிய பெட்டிகள் அறை வாசலுக்கு வந்துசேர மாலை ஆகலாம். கேலா உடை, ஷூ, டை மொத்தத்தையும் கையோடு எடுத்துப்போகும் பெட்டியில் வையுங்கள்.

ஷூவை இன்றே பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். போடாமல் பல வருடம் அலமாரியில் கிடந்த ஷூவின் பாலியூரிதேன் அடிப்பாகம் நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளுக்குள் உதிர்ந்துபோகும். மேல்தோல் புத்தம்புதிதாக மின்னும். கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்தினால் பிசுபிசுப்பு ஒட்டும் அல்லது ரவை மாதிரி துகள் கொட்டும். அப்படி இருந்தால் விருந்துக் கூடத்தின் கம்பளத்தில் நாலு அடி வைப்பதற்குள் குதிகால் கழன்றுவிடும். பசை போட்டாலும் பிடிக்காது.

தெமாசெக்_வாசி

இதே கேள்வி எனக்கும், ஆனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ராயல் கரீபியன், நான்கு இரவு. அதற்கும் இவ்வளவு வேண்டுமா?

மேல்தளம்

வேண்டாம். நான்கு இரவில் பொதுவாக ஒரு ஃபார்மல் இரவுதான். சூட் போட்டவர்கள் பக்கத்திலேயே முழுக்கைச் சட்டையும் நல்ல பேன்ட்டுமாக உட்கார்ந்திருப்பார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்தக் கப்பல்களில் பயணிகளுக்கான இஸ்திரி அறை கிடையாது, காசு கொடுத்துத்தான் தேய்த்து வாங்க வேண்டும். எனவே கசங்காத துணியாக எடுத்துப்போங்கள். ஆசை இருந்தால் தந்த நிற டின்னர் ஜாக்கெட்டும் கருப்பு பேன்ட்டும் போட அதுதான் சரியான இடம். வெப்பமண்டலக் கடலுக்கென்று வந்த உடை அது, வட அட்லாண்டிக்கில் எடுபடாது. நார்வீஜியன் என்ற நிறுவனத்தின் கப்பல்களில் ஃபார்மல் கட்டாயமே இல்லை. கார்னிவல் நிறுவனம் ‘க்ரூஸ் எலிகன்ட்’ என்று சொல்லும் இரவுக்கு பிளேசர் போதும்.

நாவாய்_புதியவன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. கோட்டை நாலு விரற்கடை பிரித்துப் பார்த்தோம், நிறம் ஒத்துப்போகிறது. ஷூவை அழுத்தியதும் துகள் கொட்டியது, புதிது வாங்குகிறேன். ஒரு இரவு நீள டை, இன்னொரு இரவு போ டை என்று நினைத்திருக்கிறேன். கட்டியே வரும் கிளிப் போ டை வாங்கவா, நானே கட்டப் பழகவா?

கத்தரியும்_நாடாவும்

நீங்களே கட்டுங்கள் சார். கிளிப் டை இரண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி சமமாக இருப்பதால் பார்த்த உடனே தெரிந்துவிடும். கையால் கட்டியதில் வரும் சின்னக் கோணல்தான் அதன் அழகு.

பட்டையில் இருக்கும் அளவுக் கொக்கியை உங்கள் சட்டைக் காலர் எண்ணுக்கு வையுங்கள். கழுத்தில் போட்டு இடது பக்கத்தை இரண்டு விரற்கடை அதிகமாகத் தொங்கவிடுங்கள். நீளப் பக்கத்தைக் குட்டைப் பக்கத்தின் மேல் குறுக்காகப் போட்டு, கழுத்து வழியாகக் கீழிருந்து மேலே இழுத்து இறுக்கித் தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள். குட்டைப் பக்கத்தை அதன் அகலமான இடத்தில் மடித்தால் முன் இறக்கை வடிவம் வரும், அதைக் காலர் நடுவில் படுக்கையாகப் பிடியுங்கள். தோளில் இருப்பதை அதன் நட்டநடுவில் நேராகக் கீழே விடுங்கள். இப்போது முன் இறக்கைகள் இரண்டையும் மூக்கு நோக்கிச் சேர்த்துக் கிள்ளிப் பிடித்தால் அவற்றுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை தெரியும். எல்லோரும் தடுமாறுவது இங்கேதான், முனையை அதில் நுழைக்கப் பார்ப்பார்கள். முனையை இல்லை, தொங்கும் பக்கத்தை நடுவில் மடித்து அந்த மடிப்பைத்தான் நுழைக்க வேண்டும். பிறகு இரு பக்கமும் மடிப்புகளைப் பிடித்து இழுத்தால் இறுகும். முனைகளைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும்.

கண்ணாடி முன்னால் பழகினால் கை குழம்பும். உட்கார்ந்து, முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் கட்டிப் பழகுங்கள். கழுத்தின் சுற்றளவுக்கு ஏறத்தாழ அது சரியாக வரும், கண்ணுக்கும் நேராகத் தெரியும். தினம் நாலு முறை என்று ஒரு வாரம் போதும். கட்டி முடித்த டை உங்கள் இரு கண்களின் வெளியோரத்தைத் தாண்டக் கூடாது. வாங்கும்போதே அகலத்தை முகத்தில் வைத்துப் பார்த்து எடுங்கள்.